குனியும் தொழில்களும் நோகும் இடுப்புகளும்: இயன்முறை மருத்துவத்தின் பட்டறிவு

அசைவு, பயிற்சி, கைமுறைச் சிகிச்சை, வெப்பம் ஆகியவற்றைக் கொண்டு உடலின் இயக்கத்தை மீட்டுத் தரும் தொழிலே இயன்முறை மருத்துவம். பிசியோதெரபி என்ற பெயரில் மக்கள் அறிந்துள்ள அத்தொழிலைச் செய்பவர்களை நாடி வரும் துன்பங்களில் இடுப்பு வலியும் மூட்டு வலியுமே முதன்மையானவை. 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியோடு வாழ்ந்தனர் என்றும், 2050-இல் அத்தொகை 84 கோடியைத் தாண்டும் என்றும் உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு கணக்கிட்டுள்ளது. தமிழ்நாட்டு மருத்துவமனைகளின் வெளிநோயாளர் பிரிவில் அந்த வலி அந்தந்த ஊரின் தொழிலைச் சுமந்துகொண்டே வந்து சேர்கிறது: காஞ்சிபுரத்தில் தறி நெய்பவர், கும்பகோணத்தைச் சுற்றி நடவுக்குச் செல்லும் பெண், நாமக்கல்லில் லாரி ஓட்டுநர், சென்னை தியாகராய நகரில் துணிக்கடையில் நின்றபடி விற்பனை செய்யும் இளம்பெண். நீண்ட காலம் இத்தொழிலில் பழகியவர், வந்தவர் நடக்கும் விதத்தையும் நாற்காலியில் அமரும் விதத்தையும் பார்த்தே ஓரளவு தெரிந்துகொள்கிறார். எஞ்சியதை அறிய, கையில் நீட்டப்படும் ஸ்கேன் படத்தைக் காட்டிலும், அவருடைய ஒரு நாள் எழுந்தது முதல் படுக்கும் வரை எப்படிக் கழிகிறது என்ற விசாரணையே பெரிதும் உதவுகிறது.

அந்த விசாரணை ஏன் தேவை என்பதை முதுகெலும்பின் அமைப்பே காட்டும். மனித முதுகெலும்பில் 33 முள்ளெலும்புகள் உள்ளன. அவற்றுள் கழுத்தில் 7, மார்பின் பின்புறம் 12, இடுப்பில் 5 என 24 எலும்புகள் தனித்தனியே அசைய, கீழே உள்ள 9 எலும்புகள் ஒன்றோடொன்று இணைந்து திரிகத்தையும் வால் எலும்பையும் ஆக்குகின்றன. அசையும் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை போன்ற பகுதிக்கு இடைத்தட்டு என்று பெயர். மக்கள் பேச்சில் டிஸ்க் என்றும் ஜவ்வு என்றும் வழங்குவது அதுவே. நுங்கின் கூழைச் சுற்றி நாரும் ஓடும் அமைந்திருப்பது போல, இடைத்தட்டின் நடுவில் நீர்மிகுந்த கூழ்ப்பகுதியும் அதைச் சுற்றி அடுக்கடுக்கான நார்வளையமும் அமைந்துள்ளன. வளர்ந்தவரின் இடைத்தட்டுக்குள் இரத்தக் குழாய் ஏறக்குறைய இல்லை என்பதால், அது அழுத்தப்படும்போது நீரை வெளியேற்றியும் அழுத்தம் குறையும்போது நீரை உள்ளிழுத்துமே ஊட்டம் பெறுகிறது. ஆகவே அசைவுதான் அதன் உணவு வழி. பகல் முழுதும் நின்றும் நடந்தும் இருந்த ஒருவர் மாலையில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குட்டையாகி, இரவில் படுத்துறங்கியபின் அந்த உயரத்தைத் திரும்பப் பெறுவதற்கும் இதுவே காரணம். ஜெர்மனியின் ஹான்ஸ் யோவாகிம் வில்கே குழுவினர் ஒரு தன்னார்வலரின் இடைத்தட்டுக்குள் அழுத்தமானி ஒன்றைப் பொருத்தி அளந்து 1999-இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு மணி நேர உறக்கத்தின்போது உள்ளழுத்தம் 0.10 மெகாபாஸ்கலிலிருந்து 0.24 மெகாபாஸ்கலாக உயர்ந்தது பதிவாகியுள்ளது.

நீர் ஏறி விம்மியிருக்கும் காலை நேரத்து இடைத்தட்டைச் சட்டென்று வளைத்தால் நார்வளையத்தின் பின்புறம் மிகுந்த இழுவிசைக்கு உள்ளாகிறது. எழுந்தவுடன் குனிந்து வாசல் பெருக்கிக் கோலமிடுவதும், குழாயடியில் நிறைகுடத்தைத் தரையிலிருந்து தூக்குவதும் இடுப்பு வலி உடையவருக்கு ஏன் தாங்க முடியாதவை ஆகின்றன என்பது இதனால் விளங்கும். காலையின் முதல் சில மணி நேரம் இடுப்பை வளைப்பதைக் கட்டுப்படுத்தினாலே நாட்பட்ட வலி குறைகிறது என்று அமெரிக்காவின் ஸ்டோவர் ஸ்னூக் 1998-இல் காட்டினார். காசு செலவில்லாத இந்த அறிவுரையை, வேறு எதைச் சொல்வதற்கு முன்பும் நோயாளிக்குச் சொல்ல வேண்டும்: எழுந்ததும் சிறிது நடந்துவிட்டு, குனியும் வேலைகளைப் பின்னுக்குத் தள்ளுவதும், தள்ள முடியாதவற்றை முழங்காலை மடக்கிச் செய்வதும் போதும்.

குனிதல் என்பதன் முழுப் பொருளையும் நடவு வயலில்தான் காண முடியும். நாற்று முடியை இடக்கையில் பிடித்து, வலக்கையால் பிரித்துச் சேற்றில் ஊன்றியபடி பின்னோக்கி நகரும் பெண், இடுப்பிலிருந்து முழுவதும் மடிந்த நிலையிலேயே நெடுநேரம் வேலை செய்கிறார். இவ்வாறு முழுதாகக் குனியும்போது முதுகுத் தசைகள் ஒரு கட்டத்தில் செயலை நிறுத்திவிட, உடலின் மேற்பகுதியின் எடை முழுவதும் தசைநார்கள்மேல், அதாவது எலும்பை எலும்போடு கட்டும் நார்கள்மேல், தொங்குகிறது. தொடர்ந்து இழுக்கப்படும் நார் மெல்ல மெல்ல நீண்டு தளரும் இயல்புடையது. கனடாவின் ஸ்டூவர்ட் மெக்கில் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், 20 நிமிடம் முழுதும் குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்த பின் முதல் 2 நிமிடத்தில் அந்தத் தளர்ச்சியில் ஏறத்தாழப் பாதியே நீங்கியது. அரை மணி நேரம் கழித்தும் சிறிதளவு எஞ்சியிருந்தது. கட்டுத் தளர்ந்திருக்கும் அந்த இடைவேளையில் கனமானதைத் தூக்குவதே பேராபத்து. நடவு முடித்து வரப்பேறிய உடனே நாற்றுக் கட்டையோ புல்லுக் கட்டையோ தலைக்குத் தூக்கியபோது இடுப்பு பிடித்துக்கொண்டதாகச் சொல்லும் பெண்கள் பலர். கட்டின் எடையை மட்டும் குற்றம் சொல்லும் அவர்களுக்கு, அதற்கு முந்தைய மணி நேரங்களே உண்மைக் காரணம் என்பதை விளக்கினால், அடுத்த முறை வரப்பில் சிறிது நின்று, கைகளை இடுப்பில் ஊன்றிப் பின்னோக்கி மெல்ல ஐந்தாறு முறை வளைந்து, கொஞ்சம் நடந்த பிறகே கட்டைத் தொடுகிறார்கள். எந்த எந்திரச் சிகிச்சையைக் காட்டிலும் இந்த ஒரு பழக்கம் மேலானது. ஒற்றை நாற்று நடவு முறையில் நின்றபடியே களையெடுக்க உதவும் கோனோ வீடர் போன்ற கருவிகளை உழவு சார்ந்தவை என்று மட்டும் எண்ணிவிடாமல், முதுகுக்கான மருத்துவமாகவும் கருத வேண்டும்.

குழித்தறி இதற்கு நேர்மாறான ஒரு நிலையைக் கேட்கிறது. தறிக்காரர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை மாறி மாறி மிதிக்க, கைகள் நாடாவை ஓட்டவும் பலகையை இழுத்து அடிக்கவும், கண்கள் சேலையின் இழையைவிட்டு அகலாமலும் இருக்க வேண்டும். எனவே கழுத்து முன்னோக்கித் தாழ்ந்தும், கீழ்முதுகு தன் இயல்பான உள்வளைவை இழந்தும், தோள்பட்டைகள் ஓயாமல் உழைத்தும் போகின்றன. இவருக்கு இடுப்பு வலியோடு கழுத்து வலியும் முழங்கால் வலியும் சேர்ந்தே வருவது இயற்கை. வேலையை விட்டுவிடுமாறு சொல்வது எளிது, ஆனால் அது மருத்துவம் ஆகாது, ஏனெனில் கூலி நெய்த சேலைக்குத்தான். அமரும் பலகையைச் சற்று உயர்த்தி முன்பக்கம் சிறிதே சரியுமாறு அமைத்தல், மிதிக்கும் ஆழத்தைக் காலின் நீளத்துக்கு ஏற்பச் சரிசெய்தல், துணியின்மேல் நிழல் விழாதபடி விளக்கைத் தாழ்த்திக் கட்டுதல் என்னும் மூன்றும் நெசவாளர் வீட்டுக்கே சென்று பார்த்தால்தான் சொல்லத்தக்கவை. விளக்கு முதுகு வலிக்கு மருந்தாவதை வெளியார் வியக்கக்கூடும். இழை தெளிவாகத் தெரிந்தால் தலை தாழ்வதில்லை என்பது தறியருகே நின்று பார்த்தவர்க்குப் புரியும்.

அலுவலக நாற்காலியைப் பற்றி இவ்வளவு விரித்துரைக்க வேண்டியதில்லை. ஸ்வீடனின் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960-களில் செய்த அளவீடுகளிலிருந்து, உட்கார்வது நிற்பதைவிட இடைத்தட்டை அதிகம் அழுத்துகிறது என்ற கருத்து உலகெங்கும் பரவியது. வில்கேயின் பிற்கால அளவீட்டில் தளர்ந்து சாய்ந்து அமர்ந்தபோது அழுத்தம் நிற்பதைவிடக் குறைவாகவே இருந்தது. ஆகவே குற்றவாளி நாற்காலி அன்று. ஒரே நிலையில் அசையாமல் நெடுநேரம் இருப்பதே. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்பவருக்கு விலையுயர்ந்த இருக்கை தேவைப்படுவதில்லை. லாரி, பேருந்து ஓட்டுநர்களின் நிலை வேறு: அமர்ந்திருக்கும் உடலின் முதுகெலும்பு நொடிக்கு 4 முதல் 6 வரையிலான அதிர்வுகளுக்கே மிகுதியாக எதிரதிர்வு தருவதும், கரடுமுரடான சாலையில் கனரக வண்டியின் இருக்கை ஏறக்குறைய அதே வேகத்தில் அதிர்வதும் சேர்ந்து அவர்களை வருத்துகின்றன. பகல் முழுதும் அவ்வாறு ஓட்டி வந்தவர் வண்டியிலிருந்து இறங்கிய மறுநிமிடமே மூட்டை இறக்க முனையக் கூடாது.

இனி ஸ்கேன் படத்துக்கு வரலாம். 1934-இல் அமெரிக்காவின் வில்லியம் மிக்ஸ்டரும் ஜோசப் பாரும் இடைத்தட்டின் கூழ் பிதுங்கி நரம்பை அழுத்துவதே கால்வரை பரவும் வலிக்குக் காரணம் என்று நிறுவினர். அக்கண்டுபிடிப்பு உண்மையானது, பலரைக் காப்பாற்றியது. ஆனால் எம்.ஆர்.ஐ. வந்த பிறகு வலியே இல்லாதவர்களையும் படம் எடுத்துப் பார்த்தபோது வேறொரு உண்மையும் வெளிப்பட்டது. 1994-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் முதுகு வலி இல்லாத 98 பேரில் 52 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஓரிடத்தில் இடைத்தட்டு வீங்கியிருந்தது. 2015-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வலியற்ற இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் இடைத்தட்டுத் தேய்மானம் காணப்பட்டது. தலை நரைப்பதை யாரும் நோய் என்று சொல்வதில்லை. முதுகெலும்பின் மூப்பையும் அவ்வாறே பார்க்க வேண்டும். படத்தில் உள்ள வீக்கமும் உடலில் உள்ள வலியும் ஒரே நரம்பின் கதையைச் சொல்கின்றனவா என்று தசைவலு, தொடுவுணர்வு, காலை நீட்டி உயர்த்தும் சோதனை ஆகியவற்றால் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே படம் பொருள் பெறுகிறது. அவ்வாறு ஒப்பிடாமல் ஜவ்வு கிழிந்துவிட்டதாகவும் நரம்பு நசுங்கிவிட்டதாகவும் சொல்லி அனுப்பப்பட்டவர்கள், குனியவும் தூக்கவும் நடக்கவும் அஞ்சி, அந்த அச்சத்தாலேயே தசை மெலிந்து, முன்பைவிடக் கடுமையான வலியோடு திரும்பி வருகிறார்கள். இத்தொழிலில் மிகக் கடினமான பணி அந்த அச்சத்தைக் களைவதே.

அச்சத்துக்கு இடமில்லை என்று சொல்ல வலுவான ஆதாரங்கள் உண்டு. பிதுங்கிய கூழில் பெரும்பகுதியை உடலே காலப்போக்கில் உறிஞ்சிக்கொள்கிறது. பெரிய பிதுக்கங்களே பெரும்பாலும் நன்றாகச் சுருங்குகின்றன. நார்வேயின் ஹென்ரிக் வெபர் 1983-இல் வெளியிட்ட ஒப்பாய்வில் ஓராண்டு முடிவில் அறுவை செய்துகொண்டோர் மற்றவர்களைவிட நலமாக இருந்தனர், நான்காம் ஆண்டில் அந்த வேறுபாடு குறிப்பிடத்தக்கதாக இல்லை. படுக்கை ஓய்வு பற்றிய கருத்தும் இதே போல மாறியது. ஒரு காலத்தில் வாரக்கணக்கில் படுக்க வைத்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்டதுண்டு. 1986-இல் ஒரு வாரப் படுக்கையைவிட இரண்டு நாள் படுக்கையே வேலை இழப்பைக் குறைத்தது என்று அமெரிக்க ஆய்வும், 1995-இல் தாங்கும் அளவுக்கு அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்களே விரைவில் தேறினர் என்று ஹெல்சிங்கி ஆய்வும் காட்டின.

பயிற்சிகளில் எதை யாருக்குத் தருவது என்பதில்தான் கைதேர்ந்தவருக்கும் பிறருக்கும் வேறுபாடு தெரியும். நியூசிலாந்தின் இயன்முறை மருத்துவர் ராபின் மெக்கன்சி 1956-இல் கண்டது இத்தொழிலின் வரலாற்றில் புகழ்பெற்ற நிகழ்ச்சி: கால்வலியோடு வந்த நோயாளி ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தப்பட்டிருந்த கட்டிலில் தவறுதலாகக் குப்புறப் படுத்து, முதுகு பின்னோக்கி வளைந்த நிலையில் சில நிமிடம் இருந்தபோது, கால்வலி மறைந்துவிட்டது. அதிலிருந்தே, காலில் இருக்கும் வலி மேலேறி இடுப்பின் நடுவுக்குச் சுருங்குவது நற்குறி என்னும் கோட்பாட்டை அவர் வளர்த்தெடுத்தார். எந்த அசைவு வலியை அவ்வாறு சுருக்குகிறதோ அதுவே அந்த நோயாளிக்குரிய பயிற்சி, வலியைக் கால்நோக்கி இறக்குவது விலக்க வேண்டியது. குனிவதால் நோகும் பலருக்கு, குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றி மார்பை உயர்த்துவது நலம் தருகிறது. ஆனால் நடந்தால் கால் மரத்து, உட்கார்ந்தால் அல்லது முன்சாய்ந்தால் தெளியும் முதியவருக்கு இதே பயிற்சி துன்பத்தைக் கூட்டும். தண்டுவடக் கால்வாய் குறுகிய அவருக்கு முழங்கால்களை மார்போடு அணைப்பதும் மிதிவண்டி மிதிப்பதும் உகந்தவை. இரு சாராருக்கும் பொதுவானது நடை. முதுகு வலியிலிருந்து மீண்டவர்களைப் படிப்படியாகக் கூட்டிய நடைப்பயிற்சியில் ஈடுபடுத்திய ஆஸ்திரேலிய ஆய்வொன்று 2024-இல் வெளியானது. அதில் வலி திரும்பி வருவதற்கான இடைநிலைக் காலம் 112 நாளிலிருந்து 208 நாளாக நீண்டது.

நோயாளிகள் பெரிதும் விரும்பிக் கேட்பது கரண்ட் வைக்கும் சிகிச்சையையே. மின்தூண்டல், அல்ட்ராசவுண்ட், இழுவைக் கட்டில் ஆகியவை பல மருத்துவமனைகளின் வருவாயும் கூட. ஆயினும் உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதல், உடற்பயிற்சியையும் நோயைப் பற்றிய தெளிவூட்டலையும் பரிந்துரைத்து, இழுவையையும் இடுப்புப் பட்டையையும் அல்ட்ராசவுண்டையும் வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. சூட்டு ஒத்தடமும் தைலம் தேய்த்து நீவுவதும் தசையை இளக்கி ஆறுதல் தருவன. அந்த ஆறுதல் கிடைத்த வேளையில் பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும், இல்லையேல் ஒத்தடத்தின் பயன் அன்றே முடிந்துவிடும்.

மூட்டு வலியில் முழங்காலுக்கே பெரும்பங்கு. எலும்பு நுனிகளைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பிலும் இரத்தக் குழாய் இல்லை; மூட்டுக்குள் ஊறும் திரவத்தை அசைவு செலுத்தினாலன்றி அதற்கு ஊட்டம் இல்லை. முட்டி தேய்ந்துவிட்டது, இனி நடக்கக் கூடாது என்று தாமே முடிவுசெய்து அமர்ந்துவிடுபவர்கள், தொடையின் முன்தசை மெலிந்து, மூட்டைத் தாங்க ஆளில்லாமல் போகும் நிலைக்கு வருகிறார்கள். நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டி நிறுத்துதல், கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல் என்னும் எளிய இரு பயிற்சிகளை நாள்தோறும் செய்பவர்கள் சில வாரங்களிலேயே வேறுபாட்டை உணர்வார்கள். எடையில் குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் முழங்காலின் சுமை அடி தோறும் நான்கு கிலோ குறைகிறது என்பது 2005-இல் அளந்து கண்ட உண்மை. கைத்தடியை நோகும் காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும்; படியேறும்போது நல்ல காலையும் இறங்கும்போது நோகும் காலையும் முதலில் வைக்க வேண்டும்.

வலி எல்லாம் உழைப்பால் வருவதில்லை என்பதையும் இத்தொழிலார் மறந்துவிடக் கூடாது. விரல் கணுக்கள் வீங்கிக் காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் முடக்குவாதத்தையும், இளைஞர் ஒருவர் பின்னிரவில் முதுகு வலியால் விழித்து, நடந்தால் தெளிந்து, ஓய்ந்தால் வருந்தினால் முதுகெலும்பு அழற்சியையும் ஐயுற வேண்டும். சென்னையை 1964-இல் தாக்கிய சிக்குன்குனியா 2006-இல் தமிழகமெங்கும் மீண்டும் பரவி, காய்ச்சல் தணிந்து மாதங்கள் பல ஆன பின்னும் பலரை மூட்டு வலியோடு நிறுத்தியது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் மிகுந்திருந்த ஃபுளோரைடு எலும்பில் படிந்து முதுகையும் மூட்டுகளையும் இறுக்கியது, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்குப் பயிற்சியால் ஓரளவே உதவ முடிந்தது. அங்கே 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே உண்மையான சிகிச்சை. காய்ச்சல், காரணமற்ற எடைக் குறைவு, இரவில் ஓயாத வலி, பழைய புற்றுநோய் ஆகியவற்றோடு வரும் முதுகு வலியில் எலும்புக் காசநோயும் கட்டியும் மறைந்திருக்கலாம். இடுப்பு வலியோடு சிறுநீர் அடக்க முடியாமலோ கழிக்க முடியாமலோ போவதும், சேணத்தில் படும் பகுதி மரத்துப் போவதும், பாதம் தொங்குவதும் அவசர நிலைகள்; அன்றே அறுவை மருத்துவரிடம் சென்றாக வேண்டும்.

சிகிச்சை அறைக்கு வர இயலாதோரை வீடு தேடிச் சென்று காணும் வழியை 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் தமிழ்நாடு அரசின் திட்டம் ஏற்படுத்தியது. படுக்கையிலிருப்பவருக்கு இயன்முறைச் சிகிச்சையும் அதில் அடங்கும். மருத்துவர் நோயாளியின் கட்டிலையும் கழிப்பறையையும் வாசற்படியையும் நேரில் காண்பதால், சொல்லும் அறிவுரை அந்த வீட்டுக்குப் பொருந்துகிறது.

ஆனால் வலியை உண்டாக்கும் வேலையிடத்தை மருத்துவர் தனியே மாற்ற இயலாது. நாள் முழுதும் நிற்கும் கடைப் பெண்ணின் காலில் இரத்தம் தேங்கிச் சிரை புடைப்பதற்கும் இடுப்பு நோவதற்கும் மருந்து ஒரு முக்காலிதான். கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் வேலை செய்த பெண்கள் குரலெழுப்பியதன் பயனாக கேரளம் 2018-இல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது; 2021-இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை அமைத்துத் தர வேண்டும் என்று விதித்தது. சட்டம் இருக்கிறது, பல கடைகளில் இருக்கைதான் இல்லை. பண்டிகைக்குத் துணி எடுக்கச் செல்பவர்கள், தமக்குச் சேலையை விரித்துக் காட்டும் பெண்ணுக்குப் பின்னால் இருக்கை ஒன்று போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கடைக்காரரிடம் கேட்க வேண்டும்.